மெர்சிக்குப் பாடம் புரிந்த மாதங்கள்

போன மாதம் சுதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்த அறிவியல் ஆசிரியை அவள். பள்ளியில் எல்லா வகுப்புகளுக்கும் பெரிய தொடுதிரைகள் வந்துவிட்டனவாம். அதிலேயே எழுதலாம், படம் காட்டலாம், தேர்வும் வைக்கலாம். ஆசிரியர்கள் அறையில் தினமும் அதைப் பற்றித்தான் சண்டை என்றாள். வயதானவர்கள் கரும்பலகையைக் கழற்றக் கூடாது என்கிறார்களாம், இளையவர்கள் இனி சாக்பீஸைத் தொட மாட்டோம் என்கிறார்களாம். "நீங்க ரெண்டையும் பாத்தவங்க. ஒரு நாள் வந்து பேசுங்களேன்" என்றாள்.

மேடையில் பேச எனக்கு வராது. எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். எழுத உட்கார்ந்தபோது கருவிகளைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை. மெர்சியும் எங்கள் தலைமையாசிரியை கனகவல்லி மேடமும்தான் நினைவுக்கு வந்தார்கள். எனவே அவர்களைப் பற்றியே எழுதுகிறேன்.

நான் பி.எட். படித்த காலத்தில் கற்பித்தல் துணைக்கருவி என்றால் சார்ட் பேப்பர். இதயம், பூவின் குறுக்குவெட்டு, மின்சார மணி எல்லாவற்றையும் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்து சுருட்டி பஸ்ஸில் கொண்டுபோவோம். பாதி நசுங்கியிருக்கும். உத்திரமேரூர் பக்கம் சில வருடங்கள் வேலை பார்த்துவிட்டு, மாறுதல் வாங்கிக்கொண்டு தாம்பரத்துக்கும் வண்டலூருக்கும் நடுவில் இருந்த அரசு பெண்கள் பள்ளிக்கு வந்தேன். வீடு பெருங்களத்தூர். ஓய்வு பெறும்வரை அதே பள்ளிதான்.

கனகவல்லி மேடம் எங்களுக்குத் தலைமையாசிரியையாக வந்தபோது எனக்கு அனுபவம் நிறையவே இருந்தது. அவர் வகுப்பைப் பார்வையிட வருகிறார் என்றால் எனக்குப் பயம் இல்லை. பொதுவாகப் பார்வையிட வருபவர்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஆசிரியரைப் பார்ப்பார்கள், பாடக்குறிப்பைப் புரட்டுவார்கள், போய்விடுவார்கள். மேடம் ஒரு நாற்காலியைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி, மாணவிகளைப் பார்த்து உட்கார்ந்தார். பாடம் முடியும்வரை ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை. பிள்ளைகளுக்கும் முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு மறந்துவிட்டார்கள்.

மதியம் தம் அறைக்குக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு எந்த இடத்தில் பாடம் விட்டுப்போனது என்று. எனக்குத் தெரியவில்லை. சிறுநீரகத்தின் உள்ளே போகும் குழாய்களை நான் வளைத்து வளைத்து வரைந்தபோது அந்தப் பெண் பேனாவை மூடிவிட்டாள், அப்புறம் திறக்கவே இல்லை என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. திட்டவுமில்லை, பாராட்டவுமில்லை. நாளைக்கு அந்தப் படத்தை மட்டும் மறுபடி நடத்துங்கள் என்று அனுப்பிவிட்டார். அதுதான் அவர் வழக்கம். பார்வையிட்ட ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு கேள்வி, ஒரு பிள்ளை.

பிறகு பள்ளிக்கு ப்ரொஜெக்டர் வந்தது. மாடியில் ஓர் அறையை ஸ்மார்ட் கிளாஸ் ஆக்கினோம். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி தைத்துப் போட்டோம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முதன்முதலாக அந்தத் திரையில் இதயம் துடிப்பதைப் பார்த்தபோது அறையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. சார்ட் பேப்பர் காலத்தில் வளர்ந்த எனக்கு அது பெரிய சந்தோஷம். வாரத்துக்கு இரண்டு மூன்று வகுப்புகளை அங்கேயே வைத்துக்கொண்டேன்.

மேடம் அங்கும் வந்தார். வழக்கம்போல நாற்காலியைத் திருப்பிப் போட்டார். பாதி வகுப்பில் எழுந்து போய்விட்டார். மறுநாள் கேட்டபோது, "படம் ரொம்ப நல்லா இருந்துது. எனக்குப் பிள்ளைங்கதான் தெரியல" என்றார். ஒரு ஜன்னல் துணியையாவது விலக்கலாமே என்றார். விலக்கினால் திரையில் படம் வெளுத்துவிடும் என்று நான் விளக்கினேன். அவர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

அந்த ஏழாம் வகுப்பில்தான் மெர்சி இருந்தாள். அப்பா சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றும் வேலை. அம்மா ஸ்டெல்லா, அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் துப்புரவு வேலை. மெர்சி அதிகம் பேச மாட்டாள். எப்போதும் முதல் பெஞ்ச். ஆசிரியர் நகர நகர அவள் தலையும் நகரும். கவனமான பிள்ளை என்று எல்லோரும் நினைத்தோம். ஆனால் மதிப்பெண் மட்டும் வராது. அதிலும் என் பாடத்தில் ரொம்பவே குறைவு.

அந்த வருடக் கடைசியில் ஊரடங்கு வந்து பள்ளியை மூடினார்கள். அடுத்த வருடம் முழுக்கப் போனில்தான் பாடம். பெருங்களத்தூர் வீட்டில் அரிசி டிரம்மின்மேல் போனைச் சாய்த்து வைத்து வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். ஆரம்பத்தில் என் முகத்தைக் காட்ட வெட்கப்பட்டுக்கொண்டு, பாடப்புத்தகத்தின் பக்கத்தை மட்டும் காட்டிப் பின்னாலிருந்து பேசினேன். இரண்டு வாரம் போயிருக்கும். ஸ்டெல்லாவின் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. "மிஸ் உங்க மூஞ்சி தெரியற மாரி போடுங்க". பிள்ளைகளுக்கு நம்மைப் பார்க்காமல் ஏக்கம் போலிருக்கிறது என்று நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, திரை நிறைய என் முகம் தெரிகிற மாதிரி பேசினேன்.

மெர்சியின் மதிப்பெண் ஏறத் தொடங்கியது. வீட்டில் எழுதிப் படமெடுத்து அனுப்பும் தேர்வுகள்தான். ஆனாலும் விடைகள் புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்தவையாக இல்லை. நான் வீடியோவில் சொன்ன உதாரணங்களை, நான் சொன்ன வரிசையில் எழுதியிருந்தாள். கணக்கிலும் அப்படித்தான் என்று கணக்கு ஆசிரியை சொன்னார். அந்த வருட முடிவில் வகுப்பிலேயே முதல் சில பேரில் மெர்சியும் ஒருத்தி.

ஒன்பதாம் வகுப்புக்குப் பள்ளி திறந்தது. எல்லோருக்கும் முகக்கவசம். முதல் தேர்விலேயே மெர்சி எல்லாப் பாடத்திலும் விழுந்தாள். கொஞ்சம் குறைந்தது என்றில்லை. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமே இல்லாத பதில்கள்.

அவளுடைய வகுப்பாசிரியை ரமணி கெட்டவர் இல்லை. ஆனால் நேர்மை விஷயத்தில் கறாரானவர். போன வருடம் போனில் வந்த விடைகளை வேறு யாரோ எழுதித் தந்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டினார். வகுப்பில் எழுப்பி நிற்கவைத்துக் கேட்டார். மெர்சி பதில் சொல்லாமல் ரமணியின் முகக்கவசத்தையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். அது திமிராகப் பட்டது. காப்பி அடித்தவள் என்ற பேர் வகுப்பு முழுக்கப் பரவியது. பக்கத்தில் உட்கார்ந்தவள்கூட நோட்டை மறைத்து எழுத ஆரம்பித்தாள். மெர்சி வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கு வராமல் இருந்தாள். அவள் அப்பா, படித்தது போதும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கட்டும் என்கிறார் என்று அதே தெருப் பெண் ஒருத்தி சொன்னாள்.

ரமணியும் நானும் கனகவல்லி மேடத்திடம் போனோம். மதிப்பெண் ஏன் இப்படிக் குறைந்தது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். மேடம் முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஏன் குறைஞ்சுதுன்னு எல்லாரும் சொல்றீங்க. நடுவுல ஒரு வருஷம் ஏன் வந்துச்சுன்னு யாராவது பாத்தீங்களா? காப்பி அடிச்சான்னே வெச்சுக்குங்க. உங்க வீடியோவுல மட்டும் இருந்த உதாரணத்தை யாரைப் பாத்து அடிச்சிருப்பா?"

அம்மாவை வரச் சொல்லுங்கள், அதற்குள் நீங்களும் யோசியுங்கள் என்றார்.

அந்த வாரம் ஒன்பதாம் வகுப்பில் ஒலி பாடம். அடைத்த அறைகளைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி இருந்ததால் ஸ்மார்ட் கிளாஸ் பூட்டியே கிடந்தது. பிள்ளைகளை மைதானத்து நாவல் மரத்தடிக்குக் கூட்டிப்போனேன். ஆய்வகத்திலிருந்து இசைக்கவையை எடுத்துக்கொண்டேன். முள்கரண்டி போல இரண்டு கிளைகள் உள்ள இரும்புக் கருவி அது. ரப்பர் கட்டையில் தட்டினால் கிளைகள் அதிர்ந்து 'ங்' என்று ஒலிக்கும். பிள்ளைகள் இடைவெளி விட்டு வரிசையாக வர, ஒவ்வொருத்தியின் காதருகிலும் தட்டிப் பிடித்தேன். "கேக்குது மிஸ்", "கேக்குது மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

மெர்சியின் முறை வந்தபோது பின்னால் இரண்டு பேர் தள்ளிக்கொண்டார்கள். அவர்களை அதட்டத் திரும்பினேன். திரும்பும்போது என் விரல்கள் கிளைகளைப் பிடித்துவிட்டன. ஒலி நின்றுபோனது. அது எனக்குத் தெரியாமலேயே கவையை மெர்சியின் காதருகே கொண்டுபோனேன்.

"கேக்குது மிஸ்" என்றாள்.

அப்போதுதான் என் விரல்களைப் பார்த்தேன். எதுவும் சொல்லாமல் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டேன்.

வகுப்பு முடிந்ததும் கருவிகளை ஆய்வகத்துக்கு எடுத்துவரும்படி மெர்சிக்குச் சைகை காட்டினேன். அங்கே இருவரும் மட்டும். ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு, தள்ளி நின்று என் முகக்கவசத்தைக் கழற்றினேன். அவள் கண்கள் உடனே என் வாய்க்கு வந்தன. பல மாதம் கழித்து ஒரு சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல ஒரு நிம்மதி அந்த முகத்தில்.

கவையைத் தட்டிக் காதருகே பிடித்தேன். அவள் கவையைக் கவனிக்கவில்லை. எந்தப் பதில் சரியான பதில் என்று என் முகத்தில் தேடினாள். பயப்படாதே, உண்மையைச் சொல் என்று நிதானமாகச் சொன்னேன். தலை குனிந்தபடி இல்லை என்று ஆட்டினாள். இன்னும் பலமாகத் தட்டினேன். ஏதோ இருக்கிற மாதிரி இருக்கிறது என்றாள்.

மறுபடி தட்டி, இந்த முறை கவையின் காம்பை அவள் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் வைத்து அழுத்தினேன். அவள் திடுக்கிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள். அடுத்த நொடி, விலகிய என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, கவையைத் திரும்ப அதே இடத்தில் வைத்துக்கொண்டாள். அதிர்வு ஓயும்வரை விடவில்லை.

"மிஸ், இது உள்ள கேக்குது" என்றாள்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் எலும்பு வழியாகப் போகும் ஒலி கேட்கிறது, காற்று வழியாக வருவது கேட்கவில்லை என்றால், உள்ளே நரம்பு பிழைத்திருக்கிறது, வழியில்தான் எங்கோ அடைப்பு என்று புரிந்துகொள்ளும் அளவுக்கு அந்தப் பாடத்தை நான் நடத்தியிருக்கிறேன். மெர்சி கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். சின்ன வகுப்பிலிருந்தே காதில் சீழ் வருமாம். ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கேட்பது குறைந்துகொண்டே வந்ததாம். வாயைப் பார்த்தால் தெரிந்துவிடும், அதனால் சமாளித்துக்கொண்டேன் என்றாள். ஸ்மார்ட் கிளாஸ் இருட்டில் எதுவும் தெரியாது. போன் வீடியோவில் என் முகம் பெரிதாகத் தெரிந்தது, புரியாத இடத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்பப் போடலாம். பள்ளி திறந்ததும் எல்லோர் வாயும் மூடிக்கொண்டது. ரமணி மிஸ் அன்று என்ன கேட்டார் என்பதே அவளுக்குத் தெரியாது. எல்லோரும் திரும்பிப் பார்த்ததால் ஏதோ தப்பு என்று மட்டும் தெரிந்ததாம்.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். அம்மா சொல்லக் கூடாது என்றிருக்கிறாள் என்றாள்.

ஸ்டெல்லா மறுநாள் வேலை முடித்து அப்படியே வந்தாள். சண்டைக்குத் தயாராகத்தான் வந்தாள். தன் பெண்ணைத் திருடி என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை என்று வாசலிலேயே ஆரம்பித்தாள். மேடம் உட்காரச் சொன்னார். மெர்சியைத் தம் முகம் தெரிகிற இடத்தில் நிற்கவைத்தார். தம் முகக்கவசத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். காது விஷயம் தெரியும் என்றார்.

ஸ்டெல்லாவின் குரல் இறங்கியது.

"எங்க நாத்தனாருக்கும் இதே மாரி காதுதான் மேடம். கோவளத்துல கீது. அதுக்கு பேர் சொல்லி கூப்புட ஆளே இல்ல. குழந்தைல இருந்து பெரியவங்க வரைக்கும் செவிடின்னுதான் சொல்லுவாங்க. கல்யாணம் ஆவல, இன்னும் வூட்லதான் கீது. எம் பொண்ணுக்கு அந்தப் பேரு வந்துரக் கூடாதுன்னுதான் வாய மூடிக்கினு இருந்தேன். இப்ப இன்னா ஆச்சு, திருடின்னு பேரு வந்துச்சு."

இது வைத்தியம் பார்க்கக்கூடியதாக இருக்கலாம் என்று நான் சொன்னேன். ஸ்டெல்லா என்னைப் பார்க்கவில்லை. மேடத்தையே பார்த்தாள். மேடம் அவசரப்படாமல் பேசினார்.

"மெர்சி காப்பி அடிக்கலன்னு நான் வகுப்புல எல்லார் முன்னாடியும் சொல்லியாகணும். வெறுமனே சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. காரணத்தோட சொன்னாதான் நிக்கும். காரணத்தச் சொன்னா நீங்க பயப்படற பேரு வரலாம். அதனால நானா முடிவு பண்ண மாட்டேன். சொல்லவா, வேணாமா?"

ஸ்டெல்லா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பதில் ஓரத்திலிருந்து வந்தது. மேடத்தின் உதடுகளை ஒரு வார்த்தை விடாமல் படித்துக்கொண்டிருந்த மெர்சி பேசினாள்.

"சொல்லுங்க மேடம்."

ஸ்டெல்லா மகளை நிமிர்ந்து பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை மேடம் வகுப்புக்கு வந்தார். சுற்றி வளைக்கவில்லை. மெர்சிக்குக் காது சரியாகக் கேட்காது, இத்தனை வருடமாக உங்கள் வாயையும் எங்கள் வாயையும் பார்த்தே படித்திருக்கிறாள், முகக்கவசம் போட்டதும் அவளுக்குப் பாடம் நின்றுபோனது, போன வருடம் எழுதியதெல்லாம் அவளே எழுதியது என்றார். ரமணி எழுந்து, எல்லோரும் பார்க்க மெர்சியின் முன்னால் போய் நின்று, முகக்கவசத்தை இறக்கி, "தப்பா நெனச்சுட்டேன்மா" என்றார்.

ஸ்டெல்லா பயந்த பேர் வராமல் இல்லை. முதல் வாரம் பின் பெஞ்சில் ஒன்றிரண்டு பேர் சொல்லத்தான் செய்தார்கள். ஆனால் அதைவிட வேகமாக வேறொன்று பரவியது. சத்தம் இல்லாமல் பேசினால் மெர்சிக்குத் தெரியும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். இடைவேளையில் ஆளாளுக்குத் தள்ளி நின்று, கவசத்தை இறக்கி வாயை மட்டும் அசைப்பார்கள். மெர்சி சொல்லிவிடுவாள். எதிரே பஸ் ஸ்டாப்பில் கண்டக்டர் யாரைத் திட்டுகிறார், மேடம் கண்ணாடி அறைக்குள் போனில் என்ன பேசுகிறார் என்பதற்கெல்லாம் அவளிடம்தான் வருவார்கள். கடைசியாகச் சொன்னதைக் கேள்விப்பட்ட மேடம் அறைக்குத் திரை போட்டுக்கொண்டார்.

காது டாக்டர் பார்த்தார். பழைய சீழால் இரண்டு செவிப்பறையிலும் ஓட்டை. முதலில் மருந்து, கேட்கும் கருவி, காது நன்றாகக் காய்ந்தபின் அறுவை சிகிச்சை என்றார். அதுவரைக்கும் என்று மேடம் சில மாற்றங்கள் செய்தார். வகுப்புகள் முடிந்தவரை மரத்தடியில். நாங்கள் தள்ளி நின்று, கண்ணாடி போன்ற முகத்தடுப்பு போட்டுப் பாடம் நடத்தினோம். நான் ஊரடங்கில் செய்ததைப் போலவே வாரத்துக்கு ஒரு வீடியோ எடுத்துக் குழுவில் போட்டேன். மெர்சிக்காகத்தான் தொடங்கினேன். ஆனால் பாதி வகுப்பு அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு ஸ்மார்ட் கிளாஸைத் திறந்தபோது, நான் நிற்கும் பக்கத்து ஜன்னலின் கறுப்புத் துணியை நானே கழற்றினேன். படம் கொஞ்சம் வெளுக்கத்தான் செய்தது. யாரும் குறை சொல்லவில்லை.

சுதா, உன் பள்ளிக்கு வந்திருக்கும் திரைக்கு இருட்டே தேவையில்லை என்கிறாய். நல்லதுதான். ஆனால் அதில் எழுதும்போதும் நாம் வகுப்புக்கு முதுகைக் காட்டித்தான் நிற்போம். கரும்பலகையிலும் அப்படித்தான் நின்றோம். எந்தக் கருவியாக இருந்தாலும், அதை மாட்டியபின் முதல் பெஞ்சிலும் கடைசி பெஞ்சிலும் நீயே ஒருமுறை உட்கார்ந்து பார். உன் முகம் யாருக்குத் தெரியவில்லை என்று பார். போனையும் வீடியோவையும் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஒரு வருடம் ஒரு பெண்ணுக்கு அவைதான் பள்ளிக்கூடம்.

மெர்சி பத்தாம் வகுப்பில் இருந்தபோது ஒரு காதில் அறுவை சிகிச்சை நடந்தது. நன்றாகவே கூடியது. மேடம் அதற்குள் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். எனக்கும் அதுதான் கடைசி வருடம். கட்டுப் பிரித்து அவள் வகுப்புக்கு வந்த முதல் நாள், எந்தெந்தப் பொருள் மின்சாரத்தைக் கடத்தும், எது கடத்தாது என்று திருப்புதல் நடத்திக்கொண்டிருந்தேன். முகக்கவசமெல்லாம் போன காலம். மெர்சி வழக்கத்துக்கு மாறாக என்னைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புதுக் காதைச் சோதித்துப் பார்க்கிறாள் என்று புரிந்தது. விட்டுவிட்டேன்.

மணி அடித்ததும் கை தூக்கினாள்.

"மிஸ், கண்ண மூடிக்கினு கேட்டேன். எல்லாம் கேக்குது. நீங்க சொல்றதுல கடைசி வார்த்தை மட்டும் வரவே இல்ல. உங்களுக்கு வாய் அசையுது, சத்தம் இல்ல."

நான் சிரித்தேன். காது இன்னும் முழுசாகச் சரியாகவில்லை போலிருக்கிறது என்றேன்.

"இல்ல மிஸ். கண்ணத் தொறந்தா தெரியுது. கடத்தும்னு சொல்றீங்களா கடத்தாதுன்னு சொல்றீங்களா, அது உங்க வாயிலதான் கீது. சத்தத்துல இல்ல. எனக்கு இத்தினி நாளும் முழுசா வந்துச்சு. இவளுங்கல்லாம் எப்டி மிஸ் எழுதுனாளுங்க?"

வகுப்பைப் பார்த்தேன். எல்லோரும் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் சொல்வது உண்மையா என்று கேட்டேன். கடைசியில் நடு பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள்.

"குத்துமதிப்பா எழுதிப்போம் மிஸ்" என்றாள்.